ஓர் ஊர், நான்கு இரவு: பள்ளி விடுமுறைப் பயணத்தைக் கைக்கு அடக்கமாக்கிய அனுபவம்

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொடைக்கானல் போய்வந்த மறுவாரம், வீட்டு வரவு செலவு நோட்டில் அந்தப் பயணத்தின் செலவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினேன். ஐந்து பேர், மூன்று இரவு, மொத்தம் 45,000 ரூபாய். தனியார் நிறுவனமொன்றில் கணக்கராக இருக்கும் எனக்கு எண்களைப் பார்த்துப் பயம் கிடையாது. ஆனால் அந்தத் தொகையில் எது எதற்குப் போனது என்று பிரித்துப் பார்த்தபோது மனம் கனத்தது. ஆம்னி பேருந்துக்கு மட்டும் போக 7,500, வர 9,000 ஆக 16,500 ரூபாய். அறைக்கு 14,400. உணவுக்கு 6,600, உள்ளூர் வாகனத்துக்கு 5,000, மற்றவற்றுக்கு 2,500. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பணம் இருக்கையில் உட்கார்ந்து போய்வருவதற்கே செலவாகியிருந்தது.

அறைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் ஒரு நாளுக்கு 4,000 என்று சொன்ன விடுதியில், நாங்கள் மூட்டை முடிச்சுகளோடு போய் நின்றதும் சீசன் வாடகை 4,800 என்றார்கள். பேசியதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் எங்களிடம் இல்லை; ஊரில் வேறு அறையும் இல்லை. மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் இரண்டரை மணி நேரம் வண்டி நகரவில்லை. அப்போது ஐந்து வயதாக இருந்த என் மகன் அந்த அருவியைப் பார்க்காமலே என் மடியில் தூங்கிப்போனான். ஏரியில் படகுக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை. குழந்தைகள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்றுதான் போனோம்; அவர்களிடம் எரிந்து விழுந்துகொண்டே திரும்பி வந்தோம். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அதன் பிறகு சுற்றுலாவே வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுக்கவில்லை. குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை வீட்டில், காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பெற்றோருடன் வளரும் குழந்தைகளுக்கு, அப்பாவும் அம்மாவும் கடிகாரத்தைப் பார்க்காமல் கூடவே இருக்கும் நான்கு நாட்கள் ஆண்டில் ஒரு முறையாவது கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேள்வி அதை எப்படிச் செய்வது என்பதுதான். மூன்று ஆண்டுகள் தட்டுத் தடுமாறி, கடந்த 2025 டிசம்பரில் அதே ஐந்து பேர் நான்கு இரவு கும்பகோணத்தில் தங்கி, 19,500 ரூபாயில் நிறைவாகத் திரும்பி வந்தோம். அந்த வழியில் கற்றவற்றை விரிவாக எழுதுகிறேன்.

எங்கே போகலாம் என்ற கேள்வியை நாங்கள் முதலில் கேட்டதுதான் அடிப்படைத் தவறு. எந்தத் தேதியில் போகலாம் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். பள்ளிக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆண்டில் மூன்று வாய்ப்புகள் உண்டு: செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை, ஏப்ரல் இறுதியில் தொடங்கும் கோடை விடுமுறை. கோடை விடுமுறை நீளமானது என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறோம். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் சமவெளி ஊர்கள் எதற்கும் போக முடியாது. எனவே தமிழ்நாடே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் ஏறுகிறது. விலையும் கூடவே ஏறுகிறது. குளிரூட்டி இல்லாத அறையில் தங்க முடியாது என்பதால் வாடகையும் கூடுகிறது. காலாண்டு விடுமுறை ஆயுத பூசையை ஒட்டி வருவதால் அந்த வாரத்தில் பேருந்துக் கட்டணத்தைக் கேட்கவே வேண்டாம்.

அரையாண்டு விடுமுறையின் அருமை எங்களுக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. மார்கழியில் டெல்டா மாவட்டங்களும் மதுரையும் செட்டிநாடும் இதமான குளிரில் இருக்கும். வெறும் மின்விசிறி உள்ள அறையே போதும். பல நேரங்களில் அதையும் அணைத்துவிட்டுப் போர்வை தேட வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துகொண்டிருக்கும் காலம் என்பதால் குடை மட்டும் கையில் வேண்டும். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் மலை ஊர்களும் புதுச்சேரியும் நிரம்பி வழியும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வந்து தங்கும் கோயில் ஊர்களில் அறை கிடைப்பது கடினம் என்பதால், எந்த ஊராக இருந்தாலும் அறையை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இந்த இரண்டு நெருக்கடிகளையும் தாண்டிவிட்டால் டிசம்பரைப் போல மலிவான மாதம் கிடையாது.

பள்ளி டைரியில் தேர்வுத் தேதிகளும் விடுமுறைகளும் ஜூன் மாதமே அச்சாகிவிடுகின்றன. நாம் அதைப் பார்ப்பது டிசம்பரில். இப்போது எங்கள் வீட்டில் டைரி வந்த அன்றே அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, நானும் என் கணவரும் அவரவர் அலுவலகத்தில் விடுப்பைச் சொல்லி வைத்துவிடுகிறோம். விடுப்பு கடைசி நேரத்தில் உறுதியாகும் வீட்டில் பயணச் செலவு கட்டாயம் இரட்டிப்பாகும் என்பதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

பணத்துக்கு ஒரு வழி செய்தோம். பிப்ரவரி முதல் நவம்பர் வரை மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு வங்கியில் ஆர்.டி. போட்டேன். என் மாமியார் தீபாவளிச் சீட்டுக் கட்டிப் பழகியவர். இதுவும் அது போலத்தான் என்றதும் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. முதிர்வுத் தொகை 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். அதற்குள் எந்த ஊர் அடங்குகிறதோ அதுதான் எங்கள் ஊர். மாதத் தவணையில் சுற்றுலா என்று இப்போது பல விளம்பரங்கள் வருகின்றன. வட்டியில்லா தவணை என்றாலும், ஊருக்குப் போய்வந்த பிறகு ஆறு மாதம் அதற்காகக் கட்டிக்கொண்டிருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் இருக்கும் குடும்பத்தில் அந்தத் தவணை ஏதாவது ஒரு மாதம் மருத்துவச் செலவோடு மோதியே தீரும்.

இனி ரயில். செலவு பெரிதும் குறைந்தது இங்கேதான், ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன். முன்பு 120 நாட்களுக்கு முன்பே ரயில் முன்பதிவு தொடங்கும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளை எண்ண வேண்டும். டிசம்பர் 25 பயணத்துக்கு அக்டோபர் 26 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். டிசம்பர் 29 திரும்பும் பயணத்துக்கு அக்டோபர் 30 காலையில்தான் திறக்கும். போகும் சீட்டு கையில் இருந்தும் வரும் சீட்டுக்கு நான்கு நாள் காத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த இரண்டு தேதிகளையும் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

2025 அக்டோபர் 1 முதல் இன்னொரு விதியும் வந்தது. முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடங்களில், ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கு உள்ளவர்கள் மட்டுமே ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பதிவு செய்ய முடியும் என்பது அப்போதைய விதி; 2026 ஜனவரியில் அந்த நேரம் முன்பதிவு திறக்கும் நாளின் நள்ளிரவு வரை நீட்டிக்கப்பட்டது. சரிபார்ப்பைச் செய்ய சில நிமிடங்களே ஆகும் என்றாலும், அதை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தொடங்கினால் அந்தக் காலை வீணாகிவிடும். நாங்கள் தீபாவளிக்கு முன்பே முடித்துவிட்டோம். ஐந்து பேரின் பெயர், வயது, பாலினம் ஆகியவற்றைக் கணக்கில் முன்கூட்டியே சேமித்து வைத்தோம். ஒரே சீட்டில் ஆறு பேர் வரை பதியலாம் என்பதால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சீட்டே போதும்.

அக்டோபர் 26 ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முறுக்கு இன்னும் தூக்குவாளியில் மிச்சமிருந்தது. நான் மடிக்கணினி முன்பும், என் கணவர் கைப்பேசியில் பணம் செலுத்தும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டும் 7.50-க்கே உட்கார்ந்துவிட்டோம். பெயர்களைத் தட்டச்சு செய்யும் வேலை இல்லாததால் 8.03-க்கு ஐந்து இருக்கைகளும் உறுதியாகிவிட்டன. அன்று மாலை ஆர்வத்தில் மறுபடி பார்த்தேன். அதே வண்டியில் காத்திருப்போர் பட்டியல் தொடங்கியிருந்தது.

நாங்கள் எடுத்தது இரவு வண்டி அல்ல. சென்னை எழும்பூரிலிருந்து காலையில் புறப்பட்டுக் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகத் திருச்சிக்குப் போகும் சோழன் விரைவு வண்டியின் இரண்டாம் வகுப்பு இருக்கைப் பெட்டி அது. ஒருவருக்குக் கட்டணம் 200 ரூபாய்க்கும் குறைவு. இரவில் பயணம் செய்தால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் அதிகாலை நான்கு மணிக்கு ஓர் ஊரில் இறங்கினால், தூங்கி வழியும் குழந்தைகளையும் 67 வயது மாமியாரையும் வைத்துக்கொண்டு எங்கே போவது? அப்போதே அறை எடுத்தால், பல இடங்களில் அன்று மதியம் பன்னிரண்டு மணியோடு ஒரு நாள் வாடகை முடிந்துவிடும். மிச்சம் பிடித்ததாக நினைத்த வாடகை அங்கேயே போய்விடுகிறது. எனவே அறை பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாடகை 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா என்பதுதான். நம் ஊர் லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு இன்னும் பல இடங்களில் இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு நுழைந்து, நான்காம் நாள் கழித்து மதியம் ஒரு மணிக்குள் வெளியேறும் எங்களுக்கு அது மிகச் சரியாகப் பொருந்தியது.

இன்னொன்றும் உண்டு. குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம். ஏறும் நிலையத்தை எழும்பூர் என்று போடாமல் தாம்பரம் என்று போட்டதால் அதிகாலையில் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பெரிய தொகை மிச்சம். தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு, வடசென்னையில் இருப்பவர்கள் வாடகை வண்டியில் அங்கே போய்ச் சேரும் செலவையும் நேரத்தையும் பயணச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். என் அக்கா பெரம்பூரிலிருந்து கிளாம்பாக்கம் போகக் கொடுத்த வாடகை, அங்கிருந்து திருச்சிக்கு அரசுப் பேருந்தில் அவர் ஒருவருக்கு ஆன கட்டணத்தைவிட அதிகம்.

ரயிலில் குழந்தைகள் கட்டணத்தைப் பற்றியும் தெளிவாக இருப்பது நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016 முதல் முழுக் கட்டணம்தான். எட்டு வயது மகனுக்கு அரைக் கட்டணம் என்று மனக்கணக்குப் போட்டு நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. என்றாலும் பதிவு செய்யும்போது சரியான வயதைக் குறிப்பிட்டால் கீழ்ப் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பணத்தைவிட முக்கியம்.

கும்பகோணத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே தங்கினால் எல்லாமே பக்கத்தில் இருக்கிறது என்பதுதான். தாராசுரம் நான்கு கிலோமீட்டருக்குள். சுவாமிமலையும் அருகில். தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர். ஊருக்குள்ளேயே மகாமகக் குளமும் சாரங்கபாணி கோயிலும், கணிதமேதை இராமானுஜன் வளர்ந்த வீடும் இருக்கின்றன. இதற்கு முன் ஒருமுறை நான்கு நாளில் திருச்சி, மதுரை, இராமேசுவரம் என்று மூன்று ஊர்களைச் சுற்றினோம். தினமும் காலையில் பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, பேருந்து ஏறுவது, மறுபடி அறை தேடுவது என்றே பொழுது போனது. ஒவ்வோர் ஊர் மாற்றமும் ஐந்து பேருக்குப் பேருந்துக் கட்டணம், இரண்டு ஆட்டோ, வெளியில் ஒரு வேளை கூடுதல் சாப்பாடு, குழந்தைகளின் அரை நாள் எரிச்சல் என்று விலை கேட்கிறது. அந்தப் பயணத்துக்குப் பிறகு நாங்கள் வகுத்துக்கொண்ட விதி, ஓர் ஊர், ஓர் அறை, நான்கு இரவு என்பது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அறைக்கு நான்கு விடுதிகளிடம் நேரடியாகத் தொலைபேசியில் பேசினேன். கொடைக்கானல் பாடம் மனத்தில் இருந்ததால், ஒப்புக்கொண்ட வாடகை, தேதி, கூடுதல் மெத்தைக்கான தொகை மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி, அதன் பிறகே 1,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். எழுதித் தரத் தயங்கிய ஒரு விடுதியை அப்போதே கைவிட்டேன். தரைத்தளமா அல்லது லிப்ட் இருக்கிறதா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், மேற்கத்திய கழிப்பறை உண்டா என்பவையும் கேட்டாக வேண்டியவை. மாமியாரின் முழங்காலைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் அறை முடிவாகும். ஐந்து பேர் தங்கும் குளிரூட்டி இல்லாத குடும்ப அறை, கூடுதல் மெத்தையோடு நாளொன்றுக்கு 1,600 ரூபாய்க்கு அமைந்தது.

பார்க்க வேண்டிய இடங்களைச் சுருக்குவதுதான் மிகக் கடினமாக இருந்தது. மகள் எட்டாம் வகுப்பு. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றாள். மாமியாருக்கு நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் சுற்ற ஆசை. கணவர் கங்கைகொண்ட சோழபுரம் என்றார். எல்லாம் நியாயமான ஆசைகள்தான். ஆளுக்கு ஓரிடம் என்று பேசி, அதிலும் தொலைவானவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கினோம். மாமியார், "ஒன்பது வேணாம்மா, சூரியனார்கோயில் ஒண்ணு போதும்" என்று முதலில் விட்டுக்கொடுத்தார். பிறகு அவரே, காலை எல்லோரும் தூங்கும்போது சாரங்கபாணி கோயிலுக்கு நடந்தே போய்வந்தால் போதும் என்று மாற்றிக்கொண்டார். மார்கழி விடியற்காலையில் திருப்பாவை கேட்டபடி சன்னிதித் தெருக் கோலங்களைத் தாண்டி அவருடன் நடந்த அந்த இரண்டு நாட்களும் எனக்கே தனிப் பரிசாக அமைந்தன. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இரண்டாம் நாள் காலை அதே தெருவில் இராமானுஜன் வீட்டுக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றோம். சாஸ்திரா பல்கலைக்கழகம் பராமரிக்கும் மிகச் சிறிய ஓட்டு வீடு. உள்ளே சுற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். கணக்கில் மதிப்பெண் குறைந்து சோர்ந்திருந்த மகள், இவ்வளவு சின்ன வீடா என்று கேட்டுவிட்டு, வாசல் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

அங்கிருந்து ஆட்டோவில் தாராசுரம். இரண்டாம் இராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிறிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. மகன் ஒரு பக்க உடலைத் தன் உள்ளங்கையால் மறைத்தான், யானை தெரிந்தது. கையை மறுபக்கம் நகர்த்தினான், காளை தெரிந்தது. மறுபடி யானை, மறுபடி காளை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான், பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான், பின்னால் வந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கும் விளக்கினான். அரை மணி நேரம் அந்த ஒரு கல்லின் முன்னால் போனது. எங்களுக்கு அடுத்த ஊருக்கு ஓட வேண்டியிருந்தால், வா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்திருப்பேன். அன்று ஆட்டோக்காரரிடம் தாராசுரத்துக்கும் சுவாமிமலைக்கும் சேர்த்துக் காத்திருப்புடன் 700 ரூபாய் என்று முன்பே பேசியிருந்ததால், அவரும் அவசரப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் தஞ்சாவூர் என்பது திட்டம். நான்காம் நாளை வேண்டுமென்றே எதுவும் இல்லாமல் விட்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் மகன் வாந்தி எடுத்தான். முந்தைய இரவு கடையில் சாப்பிட்ட எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்து, அருகிலிருந்த மருத்துவரிடம் காட்டி, அன்று முழுவதும் அறையிலேயே இருந்தோம். மாலையில் அவன் பாட்டியோடு தாயம் விளையாடும் அளவுக்குத் தேறினான். வெறும் நாள் ஒன்று கையில் இருந்ததால் தஞ்சாவூரை மறுநாளுக்குத் தள்ள முடிந்தது, எதையும் இழக்கவில்லை. ரயிலில் போவதாக இருந்ததை, அவன் உடல்நிலையைக் கருதி 2,800 ரூபாய்க்கு வாடகைக் காராக மாற்றினோம். செலவில் எங்கள் திட்டத்தை மீறியது அது ஒன்றுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. 1010-இல் முதலாம் இராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடுதான் பார்த்தோம். மாலை நான்கு மணிக்கு மேல் போனதால் கால் சுடவில்லை. மதியம் அங்கே வெறுங்காலுடன் நடப்பது டிசம்பரிலும் குழந்தைகளுக்குச் சிரமம்தான்.

உணவில் நாங்கள் கடைப்பிடித்தது எளிய முறை. முதல் நாள் ரயிலுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்து. தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து நிறையப் பாலும் ஒரே ஒரு கரண்டி தயிரும் சேர்த்தால், கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சாப்பிடும் நேரத்தில் சரியான பதத்தில் இருக்கும். காலைச் சிற்றுண்டியை நன்றாக, உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இட்லி, பொங்கல், டிகிரி காபி. மதியம் சாப்பாடு. இரவுக்கு இட்லி வாங்கிவந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடியோடு அறையில். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை முதல் நாளே அறைக்கு வரவழைத்ததால், தினமும் ஏழெட்டுத் தண்ணீர்ப் புட்டிகள் வாங்கும் செலவு இல்லை. குழந்தைகளுக்கு ஆளுக்கு 300 ரூபாயை முதல் நாளே கையில் கொடுத்து, இந்த நான்கு நாளில் வாங்கும் எல்லாவற்றுக்கும் இதுதான் என்று சொன்னோம். கடைக்குக் கடை நின்று கெஞ்சுவது அன்றோடு நின்றது. மகன் மூன்று நாள் ஒன்றும் வாங்காமல் வைத்திருந்து தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வாங்கினான். மகள் 120 ரூபாயைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

கணக்கு இவ்வாறு முடிந்தது: ரயிலுக்கு 1,600, அறைக்கு 6,400, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 4,100, உணவுக்கு 5,500, மருத்துவம், கைச்செலவு, வாங்கிய பொருட்கள் எல்லாம் சேர்த்து 1,900. இதில் உள்ளூர் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாததால் எங்கள் மூவருக்கும் மிச்சமான தொகை சிறியதுதான் என்றாலும், பேருந்தில் போகலாமே என்ற எண்ணத்தை அது எளிதாக வரவழைத்தது.

மற்ற விடுமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலாண்டு விடுமுறையில் நாங்கள் சென்னையை விட்டு வெளியே போவதில்லை. மாமல்லபுரம், வண்டலூர் உயிரியல் பூங்கா, எழும்பூர் அருங்காட்சியகம் என்று ஒரு நாள் பயணங்கள் மட்டும். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமையும், அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை என்பதை மறந்து வாசல்வரை போய்த் திரும்புபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

கோடையில் மலை வேண்டும் என்று குழந்தைகள் கேட்டால் ஏலகிரி. சென்னையிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பேருந்து. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பதால், ஏறி முடிக்கும்வரை குழந்தைகள் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வருவார்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்துத் திங்கள், செவ்வாயில் தங்கினோம். முந்தைய நாள் 3,000 என்ற அறை 1,800-க்குக் கிடைத்தது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சொந்த வண்டியில்தான் போவேன் என்பவர்கள், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலை இல்லை.

இந்த ஆண்டு ஊரைத் தேர்ந்தெடுக்கும் முறை மகளுடையது. காரைக்குடி என்று சொல்லியிருக்கிறாள். செட்டிநாட்டு வீடுகள், ஆத்தங்குடி கல் செய்யும் இடம், திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் என்று நான்கை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதன் கீழே மாமியார் சொல்ல, மகன் தன் கோணல் எழுத்தில் பிள்ளையார்பட்டி என்று சேர்த்திருக்கிறான். பிப்ரவரித் தவணையைக் கட்டிவிட்டேன். ஜூனில் டைரி வந்ததும் தேதி பார்க்க வேண்டும்.